கூனிப்பாறையில் வெயில் அளந்த காலம்

22 செப்டம்பர் 1935, கூனிப்பாறை

மலைக்கு வந்து சேர்ந்தாகிவிட்டது. அரிசி, பருப்பு, கம்பளி, அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாய் ஜாடிகள், வெயில்மானி எல்லாம் முழுசாக வந்தன. இந்தப் பாரஸ்ட் பங்களாவின் காவல்காரர் இசக்கிமுத்துதான் சுமந்துவந்தார். கருவிப் பெட்டியைத் தலையில் ஏற்றும்போது, "உள்ள என்ன ஐயா, சாமியா?" என்று கேட்டார்.

"வெயில் அளக்குத கருவி."

"வெயில அளந்து?"

அதற்குள் ஏற்றம் வந்துவிட்டது. மூச்சு வாங்கியதில் நான் பதில் சொல்லவில்லை.

பதிலை இங்கே எழுதிவைக்கிறேன். சூரியனிலிருந்து புறப்படும் வெப்பத்தில் ஒரு பங்கைக் காற்று வழியிலேயே தின்றுவிடுகிறது. எவ்வளவு தின்கிறது என்பதுதான் கேள்வி. மலைமேல் ஒருவரும் அடிவாரத்தில் ஒருவரும் ஒரே நேரத்தில் அளந்தால், நடுவிலிருக்கும் காற்றின் திருட்டு வெளிச்சத்துக்கு வந்துவிடும். கருவி ஒன்றும் பெரிய மாயமில்லை. ஒரு நீளக் குழாய், அதன் அடியில் விளக்குக் கரி படியவைத்த வெள்ளித் தகடு, தகட்டின் முதுகில் ஒரு தெர்மாமீட்டர். குழாயைச் சூரியனுக்கு நேரே திருப்பி மூடியைத் திறந்தால் தகடு சூடேறும். எவ்வளவு ஏறியது என்று எழுத வேண்டும். இதன் ஆங்கிலப் பெயரைச் சொன்னால் அம்மா எனக்குத் திருஷ்டி சுற்றிப் போடுவாள் என்பதால் வெயில்மானி என்று நானே பெயர் வைத்தேன்.

பல்கலைக்கழகம் இரண்டு வெயில்மானிகளை இரவல் தந்திருக்கிறது. அக்டோபர் முடியும்போது திருப்பித் தர வேண்டும். அதற்குள் மேலும் கீழும் சேர்ந்தாற்போல் பத்துத் தெளிந்த காலைகள் கிடைத்தால் என் ஆராய்ச்சி நிலைக்கும். கிடைக்காவிட்டால், முதலாண்டுப் பையன்களுக்கு ஊசலை ஆட்டிக் காட்டியே என் ஆயுள் முடியும். ஐப்பசி மழை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம்.

23 செப்டம்பர்

மேகம். கீழே நடந்ததை எழுத நேரம் கிடைத்தது.

அடிவாரத்தில் அளக்க வேண்டியவர் எங்கள் கல்லூரி டெமான்ஸ்ட்ரேட்டர். கிளம்புகிற வாரம் பார்த்து அவருக்குப் பொன்னுக்குவீங்கி வந்து, முகம் பரங்கிக்காய் ஆகிவிட்டது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். "நான் பாக்கட்டுமா?" என்று ஒரு குரல் கேட்டது. என் மனைவி ஆவுடையம்மாள். கல்யாணம் ஆகி மூன்று வாரத்தில் அவள் என்னிடம் தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் "இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா" என்று கேட்டிருக்கிறாள். அது கணக்கில் வராது.

எங்கள் பூங்குளத்து வீட்டு முற்றத்தில் அவளுக்கு ஒருநாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவள், தசமம் தெரிகிறது. ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாள்.

"பாத்துக்கிட்டு இருக்கும்போதே மேகம் வந்துட்டா?"

"மேகம்னு எழுது."

"சரி."

வேறு வழியில்லாமல்தான் அவளை நம்பி வந்திருக்கிறேன். எப்படியாகுமோ தெரியாது.

25 செப்டம்பர்

முதல் தெளிந்த காலை! என் கடிகாரமும் வீட்டுக் கடிகாரமும் ஒத்துப்போன சரித்திரமே கிடையாது. அதனால் ஒன்பது மணிவாக்கில் நான் முகம்பார்க்கும் கண்ணாடியால் வெயிலைக் கீழே திருப்புவேன், அவள் பதிலுக்குத் திருப்புவாள், உடனே இருவரும் மூடியைத் திறப்போம் என்று ஏற்பாடு. பாறைமேல் நின்று கண்ணாடியை ஆட்டினேன். கீழே பச்சையும் பழுப்புமாக ஊர் கிடந்தது. எங்கள் வீடு எது, கோயில் எது என்றே தெரியவில்லை. திடீரென்று ஓர் ஒளி பளிச்சென்று என் கண்ணில் அடித்தது. "யம்மாடி, சின்னம்மா கண்ணுமுழிச்சுட்டாக" என்றார் இசக்கிமுத்து.

இங்கே தகடு 4.2 டிகிரி ஏறியது. கீழே எவ்வளவு என்று தபால் வந்தால்தான் தெரியும்.

28 செப்டம்பர்

மேகம். துவையல் அரைத்தேன். உப்பு அதிகம்.

30 செப்டம்பர்

கீழேயிருந்து எண்கள் வந்துவிட்டன. 3.6, 3.6, 3.5. என்ன ஒழுங்கு! ஏழில் ஒரு பங்கைக் காற்று தின்கிறது. நான் எதிர்பார்த்தது ஏறக்குறைய அதுதான். பாறைமேல் ஒரு குதி குதித்தேன். யாரும் பார்க்கவில்லை.

எண்களுக்குப் பக்கத்தில் அவள் வேறு விஷயமும் எழுதுகிறாள். "3.6. அத்தை சுகம். முருங்கை காய்த்துத் தொங்குகிறது." "3.5. காற்றில் தூசி. பக்கத்து வீட்டு எருமை கன்று போட்டது, கிடேரி." விஞ்ஞானக் குறிப்பில் எருமைக்கு என்ன வேலை? சொல்லித் திருத்த வேண்டும். எண்கள் சரிதானா என்று பார்ப்பதற்காக எல்லாவற்றையும் இன்னொரு தரம் படித்தேன்.

3 அக்டோபர்

இன்றைக்கும் நல்ல வெயில். வேலை முடிந்து நான் குழாயை மூடிய பிறகும் கீழேயிருந்து ஒளி வந்துகொண்டே இருந்தது. ஒருதரம், இன்னொருதரம், சற்று நிறுத்தி மறுபடியும். ஏதோ ஆபத்து என்று பதறிப்போய் நானும் கண்ணாடியைத் திருப்பினேன். உடனே இங்கே கூரைமேல், சுவர்மேல், இசக்கிமுத்தின் தலைப்பாகைமேல் என்று ஒளி தாவித்தாவி விளையாடியது. ஆபத்து ஒன்றுமில்லை போலிருக்கிறது. ஒழுங்குமுறை வேண்டும் என்று ஒரு வரி எழுதி அனுப்பலாமா என்று யோசித்தேன். அதற்குள் தபால் போய்விட்டது.

5 அக்டோபர்

ஏழு காலைகள் சேர்ந்துவிட்டன. இன்னும் மூன்றுதான்.

6 அக்டோபர், சரஸ்வதி பூஜை

இசக்கிமுத்துக்கு இது ஆயுதபூஜை. "ஐயா, உங்க ஆயுதமெல்லாம் எடுத்தாங்க" என்றார். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வானம் மூடிக் கிடந்ததால் நஷ்டமில்லை என்று ஒப்புக்கொண்டேன். எப்படியும் தகட்டுக்குப் புதுக் கரி ஏற்ற வேண்டியிருந்தது. அதைக் கழற்றி, எண்ணெய் விளக்குச் சுடரில் காட்டி, கன்னங்கரேல் என்று ஆக்கி, மற்றவற்றோடு மணைமேல் வைத்தேன். வெட்டுக்கத்தி, மண்வெட்டி, அகப்பைக்கூடு, குடை, கடிகாரம், புத்தகங்கள், குழாய் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. மனிதர் என் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வாங்கிக்கொண்டார். "இதுதானே ஐயா உங்க முதல் ஆயுதம்" என்றார். அதுவும் நியாயம்தான்.

நான் கண்ணாடி இல்லாமல் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவர் சந்தனத்தைக் குழைத்து ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பொட்டு வைத்தார். சுண்டல் நன்றாயிருந்தது.

7 அக்டோபர், விஜயதசமி

விடிந்தபோது வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. மறுபூஜை முடிந்து படையல் ஆனால்தான் மூக்குக்கண்ணாடியைத் தருவேன் என்று இசக்கிமுத்து ஒரே பிடிவாதம். பொங்கல் பானையோ கொதிக்கிற வழியாக இல்லை. பொறுக்கமாட்டாமல், தகட்டையும் குழாயையும் மட்டும் கெஞ்சி வாங்கி, தடவித் தடவியே குழாயில் மாட்டித் திருகினேன். பழகிய கைக்குக் கண் எதற்கு? ஒன்பதுக்குள் மூக்குக்கண்ணாடி கைக்கு வந்தது. கடிகாரத்தின் முகத்திலிருந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு மணி பார்த்தேன்.

அளவு 3.7. இவ்வளவு நல்ல வெயிலில் 3.7ஆ?

9 அக்டோபர்

மறுபடியும் 3.7. உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத பனிமூட்டம் ஏதோ படர்ந்திருக்க வேண்டும்.

11 அக்டோபர்

3.7. கீழேயிருந்து வந்த எண்கள்: 3.6, 3.5, 3.6. இது எப்படிச் சாத்தியம்? உயரத்தில் பனிமூட்டம் இருந்தால் கீழேயும் குறைய வேண்டுமே. இந்த எண்களை நம்பினால், கூனிப்பாறைக்கும் பூங்குளத்துக்கும் நடுவில் காற்றே இல்லை என்று ஆகிறது. காற்று இல்லாமல் ஊர்ஜனம் எப்படி மூச்சுவிடுகிறது?

தெர்மாமீட்டரைச் சோதித்தேன். சரி. கடிகாரம் சரி. குழாய் நேராக நிற்கிறது. என் பக்கம் எந்தக் கோளாறும் இல்லை.

12 அக்டோபர்

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பூஜைக்குப் பிறகு வீட்டில் வேலை அதிகம் இருக்கும். தெர்மாமீட்டரைப் பார்க்காமல், பழகிய எண்ணையே எழுதி அனுப்புகிறாள். புதுசாகக் கற்றுக்கொண்டவர்கள் செய்கிற தவறுதான் இது, கல்லூரியில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கோபப்படாமல், ஆனால் தெளிவாக, "நேற்றைய எண்ணை இன்றைக்கு எழுதுவது விஞ்ஞானம் ஆகாது" என்று எழுதித் தபாலில் சேர்த்தேன். மனத்தில் பாரம் குறைந்தது.

13 அக்டோபர்

பாரம் குறையவில்லை.

15 அக்டோபர்

கீழேயிருந்து கண்ணாடி தவறாமல் ஒன்பதுக்கு மின்னுகிறது. ஒரே ஒருதரம் மின்னுகிறது, அதோடு சரி. வந்த தாளில் "3.6. 3.6." என்று மட்டும் இருந்தது. அம்மா சுகமா, முருங்கை என்னாயிற்று, எருமைக் கன்று பால் குடிக்கிறதா, ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பியும் பார்த்தேன். நான் விரும்பிய ஒழுங்குமுறை வந்துவிட்டது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

16 அக்டோபர்

இன்றைய தபாலில் தனியாக ஒரு கடிதம். அப்படியே எழுதிவைக்கிறேன்:

"நமஸ்காரம். நான் பார்க்காமல் ஒரு நாளும் எழுதவில்லை. இது என் வார்த்தை. உங்கள் வார்த்தையும் என் வார்த்தையும் மோதி என்ன பயன்? இரண்டு மானிகளையும் ஒரே இடத்தில், ஒரே வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவோம். எது பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும். நாளைக்கு நானும் அத்தையும் மானியோடு மேலே வருகிறோம். அத்தைக்கு அருவியில் குளிக்க வேண்டுமாம். ஆவுடை."

இந்த யோசனை எனக்கு ஏன் தோன்றவில்லை? முதலாண்டுப் பையனுக்குக்கூடத் தோன்றியிருக்கும். பங்களாவைக் கூட்டச் சொன்னேன். நானும் கூட்டினேன். முகச்சவரம் செய்துகொண்டேன்.

17 அக்டோபர்

வந்துவிட்டார்கள். அம்மா டோலியிலிருந்து இறங்கும்போதே, "எய்யா, எலும்பா போய்ட்டியே!" என்று ஆரம்பித்தாள். பின்னால் ஆவுடை, கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறாள். கூலியாளிடம் கொடுக்க மனமில்லையாம். என்னைப் பார்த்து, "நாளைக்கு வெயில் வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

18 அக்டோபர்

வெயில் வந்தது. இரண்டு மானிகளையும் பாறைமேல் ஜோடியாக நிறுத்தினோம். அவளுடையது 4.2. என்னுடையது 3.7.

அவள், "இடம் மாத்திப் பாப்பமா?" என்றாள். மாற்றினோம். அப்போதும் அப்படியே. "ஆளு மாத்திப் பாப்பமா?" என்றாள். நான் அவளுடையதைப் பார்த்தேன், அவள் என்னுடையதைப் பார்த்தாள். 4.2, 3.7. எனக்குக் காது சூடேறியது.

"கழத்துங்க, பாப்போம்."

குழாயின் அடியைத் திருகித் தகட்டை வெளியே எடுத்தேன். கரிய முகத்தின் நட்டநடுவே, அரையணாக் காசளவுக்குக் காய்ந்த சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம் வேறு.

ஆவுடை முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு பாறைமேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அம்மா எட்டிப்பார்த்து, "ஏன், லட்சணமாத்தானல இருக்கு?" என்றாள். இசக்கிமுத்து பயந்துபோய், "மூஞ்சி ரொம்பக் கறுப்பா இருந்துச்சு ஐயா, அதான் கொஞ்சம் பெருசா வச்சேன்" என்றார். அவரை என்ன சொல்வது? பார்க்காமல் மாட்டியவன் நான்.

"ஒன் அளவுதான் சரி" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். நேத்தைய எண்ண எழுதுதேன்னு எழுதினியளே, அதுக்கு?"

"அது தப்பு. நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது."

"ம்" என்று தலையாட்டிவிட்டு, விளக்கை ஏற்றித் தகட்டுக்குக் கரி பிடிக்கப் போய்விட்டாள். மன்னித்தாளா இல்லையா என்று தெரியவில்லை. கரி மட்டும் என்னைவிட நன்றாகப் பிடிக்கிறாள்.

பூஜைக்குப் பிறகு எடுத்ததெல்லாம் வீண். ஏழு காலைகள்தான் கையில். மூன்று வேண்டும். வானமோ, இத்தனை நாள் இல்லாத திருநாளாக, ஒரு மேகம் இல்லாமல் நிற்கிறது. கீழே அளக்க ஆளில்லை. நாங்கள் இருவரும் மேலே இருக்கிறோம்.

"நான் எறங்கிப் போறேன். எனக்குப் பழக்கம்தானே" என்றாள் ஆவுடை.

நேற்று முழுக்கப் பெட்டியைச் சுமந்து ஏறியவள். அவள் காலில் கொப்புளம் இருப்பதை நான் பார்த்தேன். "வேண்டாம். நீ இங்க பாரு. நான் கீழ போறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று எனக்கே உறைத்தது. இருபத்தைந்து நாளாக இங்கே தனியாகக் கிடந்துவிட்டு, அவள் வந்த மறுநாள் நான் கிளம்புகிறேன். ஆராய்ச்சிக்காகத்தான். வேறு என்ன செய்ய முடியும்?

அவளுடைய வெயில்மானியைத் தூக்கிக்கொண்டு மதியமே இறங்கினேன். திருப்பத்தில் நின்று பார்த்தேன். பாறைமேல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

19 அக்டோபர், பூங்குளம்

மேலே 4.2 என்று எதிர்பார்க்கிறேன். இங்கே 3.6. எட்டாவது காலை.

முற்றத்தில் அவள் நின்று அளக்கும் இடத்தில் நானும் நின்றேன். ஒன்பது மணிக்குக் குழாயின் நிழல் எங்கே விழும் என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, நாளுக்கு நாள் அது நகர்வதையும் குறித்திருக்கிறாள். நான் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. தரை நெருப்பாய்க் கொதிக்கிறது. மலைக்குளிரில் உட்கார்ந்து 3.6 என்று தாளில் படிப்பது வேறு, அந்த 3.6 உச்சந்தலையில் இறங்குவது வேறு. இதில் நின்றவளைப் போய், பார்க்காமல் எழுதுகிறாய் என்றேனே. வெட்கமாக இருக்கிறது.

20 அக்டோபர்

3.6. ஒன்பது ஆயிற்று. சோறு குழைந்துவிட்டது. முருங்கை நிஜமாகவே காய்த்துத் தொங்குகிறது. எருமைக் கன்றைப் போய்ப் பார்த்தேன். நல்ல துடிப்பான கன்று.

21 அக்டோபர்

கிழக்கே கறுப்பாக ஏறிக்கொண்டிருந்தது. எட்டரைக்கே முற்றத்தில் போய் நின்றேன். மேலே மலை தெரிகிறது, மறைகிறது, மறுபடி தெரிகிறது. போச்சு என்று நினைத்த நேரத்தில் பாறையிலிருந்து ஒளி வந்தது. பதில் கொடுத்து மூடியைத் திறந்தேன். அளந்து முடித்து மூடும்போது முதல் மேகத்தின் நிழல் முற்றத்தைத் தாண்டிப் போயிற்று.

மேலே எடுத்த அளவுகள் மாலைத் தபாலில் வந்தன. 4.2, 4.2, 4.1. பத்துக் காலைகள் முடிந்தன! பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு, வைக்கோலை மூடப் போனார்.

எண்களுக்குப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "4.1. இங்கே மூன்று நாளாக நல்ல குளிர். அத்தை அருவியை விட்டு வர மாட்டேன் என்கிறார்கள்." இதை எத்தனை தரம் படித்தேன் என்று எழுதப்போவதில்லை.

22 அக்டோபர்

மழை. ஐப்பசி பிடித்துக்கொண்டது. இனி இந்த வருஷம் வெயிலைப் பற்றிப் பேச்சில்லை. கட்டுரைக்கு முதல் பத்தி எழுத உட்கார்ந்தேன். ஓடவில்லை. வீட்டில் சத்தமே இல்லை.

மேலே இருக்கும் கருவி மழையில் கெட்டுவிடும். இரவல் வாங்கிய பொருள். நாளைக்கே போய் எடுத்துவர வேண்டும். என் பொறுப்பு அது.

23 அக்டோபர், கூனிப்பாறை

விடியும்போதே குடையோடு கிளம்பினேன். பாதியில் குடை திரும்பிக்கொண்டது. பாதை முழுக்கச் செந்தண்ணீர். அட்டை வேறு. பாதிமலை ஏறியிருப்பேன், எதிரே சாக்கைப் போர்த்திக்கொண்டு இசக்கிமுத்து இறங்கிவந்தார். தலையில் தார்ப்பாய் சுற்றிய பெட்டி.

"ஐயா! நீங்க எங்க இந்த மழையில?"

"கருவிய எடுக்க."

"கருவி இந்தா இருக்கே! சின்னம்மா நேத்தே தொடச்சு, பஞ்சு வச்சுக் கட்டிட்டாக. ஒங்ககிட்ட சேத்துரச் சொன்னாக. வாங்க, ரெண்டு பேருமா எறங்கிருவோம்."

நான் நின்றேன். பெட்டியைப் பார்த்தேன். தண்ணீர் ஒரு பொட்டு உள்ளே போகாதபடி கட்டியிருந்தாள். சாக்குச் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. வெயில் இல்லை, அளக்க வேண்டியது இல்லை, எடுக்க வேண்டியதும் இல்லை.

"நீரு போம் வே. நான் மேல போய்ட்டு வாரேன்."

"மேல என்ன சோலி ஐயா?"

விறுவிறுவென்று ஏறினேன். இந்தத் தடவை மூச்சு வாங்கவில்லை.

பங்களா வாசலில் அம்மா நின்றாள். சொட்டச் சொட்ட வந்து நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏல, கிறுக்கா ஒனக்கு? பெட்டியத்தான் அனுப்பிட்டோமே. என்னத்துக்குல வந்தே?"

உள்ளேயிருந்து ஆவுடை துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மா எதிரில், கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகாத ஒருவன் சொல்லக்கூடிய பதில்கள் பல இருந்தன. வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஆவுடையப் பாக்க வந்தேன்" என்றேன்.

எதற்கும் பதில் வைத்திருக்கும் என் அம்மா, வாயைத் திறந்து, மூடி, "அடுப்புல பால் பொங்குது" என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பு மூட்டியிருக்கவே இல்லை.

ஆவுடை துண்டை நீட்டினாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"பாத்தாச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல" என்றேன்.